ஒருமனச் சங்கத்தில் நத்தை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கோபத்தில் பிறந்தது என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கம்பீரமாக இருந்திருக்கும். ஆனால் கோபத்துக்கு ஒரு நியாயம் வேண்டும். எரிச்சலுக்கு முப்பது லெட்டூஸ் கீரை நாற்று போதும். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மாலை நட்டேன். திங்கள் காலை போய்ப் பார்த்தால் முப்பது காம்பு. காம்புகளுக்கு நடுவே, வேலை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி, பளபளவென்று சளித்தடம்.

செய்தது யார் என்று டென்மார்க்கில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். விரல் நீளம், செங்கல் நிறம், முதுகில் ஓடு கிடையாது. தெற்கே எங்கிருந்தோ செடித்தொட்டி மண்ணில் முட்டையாக வந்து இறங்கி, இங்கே இருந்த கறுப்பு நத்தையை ஓரங்கட்டி, கண்ட பச்சையை எல்லாம் மேய்ந்து, செத்த தன் இனத்தையும் தின்று பெருகுவது. ஊரார் வைத்த பெயர் கொலைகார நத்தை. (ஒரு முழம் போக ஒரு வேளை எடுத்துக்கொள்ளும் கொலைகாரன். அவனையும் எங்களால் பிடிக்க முடியவில்லை.)

கதையாக எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"உயிர்கள் எல்லைகளை அறிவதில்லை—"

[அடித்தேன். எல்லைகளைப் பற்றி எழுதினால் யாராவது கருத்தரங்குக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.]

"ஒவ்வொரு பெண் நத்தையும் ஆண்டுக்குச் சில நூறு முட்டை—"

[அடித்தேன். இந்த நத்தையில் ஆணும் பெண்ணும் ஒன்றே. கதாசிரியருக்கு இதுகூடத் தெரியவில்லை என்று கடிதம் போட நாலு பேர் காத்திருக்கிறார்கள்.]

"அதிகாலை ஆறு மணிக்கு ஆஸ்தா கத்தரிக்கோலோடு தோட்டத்துக்கு வந்தாள்."

இது நிற்கும். கத்தரிக்கோல் எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

2

அதிகாலை ஆறு மணிக்கு ஆஸ்தா கத்தரிக்கோலோடு தோட்டத்துக்கு வந்தாள். அறுபத்தாறு வயது, தபால் நிலையத்தில் முப்பத்தேழு வருடம் முத்திரை குத்திய வலது கை. 'ஒருமனம்' தோட்டச் சங்கத்தின் செயலாளர். ஹோர்சென்ஸ் நகரின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் கூரை ஓட்டுக் கிடங்குக்கும் நடுவில், நாற்பத்தெட்டுத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில், ஒரு கொடிக்கம்பம், அளவு நாடா பிடித்து வெட்டிய உயிர்வேலி. கோடை முழுக்க உறுப்பினர்கள் அடுக்குமாடி வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து இயற்கையோடு வாழ்வார்கள். அதாவது பக்கத்து வேலி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருடம் சங்கத் தலைவர் டோர்கில் நத்தைப் போர் அறிவித்திருந்தார். போர் என்றால் படிவம் வேண்டாமா? தினமும் கொன்றது எத்தனை என்று ஒவ்வொருவரும் படிவத்தில் குறித்து, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்தாவிடம் கொடுக்க வேண்டும். அவள் அதைச் சங்கத்தின் வரைபடத்தில் வண்ணமாகத் தீட்டுவாள். நூற்றுக்குள் மஞ்சள். அதற்கு மேல் ஆரஞ்சு. முந்நூறைத் தாண்டினால் சிவப்பு.

ஆஸ்தாவின் தோட்டம் முப்பது. ஒரு பக்கம் இருபத்தொன்பது, தலைவருடையது. மறுபக்கம் முப்பத்தொன்று, ரிக்கெயுடையது.

"எத்தனை?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரிக்கெயின் குரல் வந்தது.

"இருபத்தொண்ணு. உனக்கு?"

"நான் எண்றதில்ல. எண்ண ஆரம்பிச்சா பேரு வைக்கத் தோணும்."

"அப்ப படிவத்துல என்ன போடுவ?"

"நிறையன்னு போடுவேன்."

"நிறையன்னு ஒரு கட்டம் இல்ல, ரிக்கெ."

"கட்டம் போட்டுக் குடு. நீதானே செயலாளர்." அவளே தொடர்ந்தாள். "வெட்டினதை அங்கேயே போட்டு வைக்காத. சாவு வீட்டுச் சாப்பாடுன்னு தெரிஞ்சா சொந்தபந்தம் மொத்தமும் வந்துடும்."

ஆஸ்தா சிரித்தபடி, வெட்டியதை வாளியில் போட்டாள். "புல்லை வெட்டேன், ரிக்கெ. தலைவர் நேத்து உன் வாசல்ல அளவுகோலோட நின்னாரு."

"பாத்தேன். வண்ணத்துப்பூச்சிக்காக விட்டிருக்கேன்னு சொன்னேன். 'வண்ணத்துப்பூச்சி நம்ம சங்கத்துல உறுப்பினர் கிடையாது'ன்னுட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நத்தை மட்டும் சந்தாவா கட்டுதுன்னு கேட்டேன்."

ஆஸ்தா கத்தரிக்கோலைத் துடைத்தாள். ரிக்கெ நகரப் பேருந்து ஓட்டுபவள். ஐம்பத்திரண்டு வயது. இந்தத் தோட்டத்துக்காக ஒன்பது வருடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவள். போன வருடம் ஏப்ரலில்தான் சாவி கையில் வந்தது. மணவிலக்குக்குப் பின் அவளுக்கு மிஞ்சிய வீட்டின் ஒரே சன்னல் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தது. சாவி வாங்கிய அன்று மாலை அவள் நாற்காலிகூட இல்லாமல் வெறும் மண்ணில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை ஆஸ்தா பார்த்திருக்கிறாள். படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

3

ரிக்கெயைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம். அவள் கொஞ்சம் நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். உண்மையில் அவள் குப்பைத் தொட்டியை வாரக்கணக்கில் வெளியே வைக்காதவள், யார் வணக்கம் சொன்னாலும் பாதி நேரம் பதில் சொல்லாதவள். போகட்டும்.

பெரிய சங்கடம் வேறு. முதல் வரைவில் அவளை என் ஊர்க்காரியாக, அதாவது தமிழச்சியாக, எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். "பிரமாதம். நத்தைன்னா நாமதானே?"

நாம் இல்லை. லெட்டூஸ் நடுகிறவன் நான், தின்கிறது அது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இரண்டாம் வரைவில் அவளைப் போலந்துக்காரியாக்கினேன். இங்கே உள்ள ஒரு டேனிஷ் வாசகி தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிகுந்த கனிவோடு, "எனக்குப் புரியுது" என்றாள். என்ன புரிந்தது என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

மூன்றாம் வரைவில் ரிக்கெ பக்கத்து வைலெ நகரத்துக்காரி. பேருந்தில் அரைமணி, முக்கால்மணி தூரம். அவளுடைய பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்கள். இனி யாரும் உருவகம் தேட முடியாது.

[தலைவரால் முடிந்தது. "வைலெ பக்கத்து ஆளுங்க எப்பவும் இப்படித்தான்" என்றார்.]

* அடிக்குறிப்பு போல ஒன்று: எங்கள் கறுப்பு நத்தையை நான் கடைசியாகப் பார்த்து நாலு வருடம் ஆகிறது. மெதுவான, கூச்ச சுபாவமுள்ள, காளானைக் கடித்துக்கொண்டு கிடந்த ஜீவன். அது உருவகமாக மறையவில்லை. மறைந்தே விட்டது. இதைச் சொன்னால் எல்லோரும் "ஆழமான படிமம்" என்கிறார்கள்.

4

தலைவர் டோர்கிலைக் குறைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உள்ளபடி எழுதினால் கேலிச்சித்திரம் என்பார்கள். தொழிற்பள்ளியில் துணை முதல்வராக ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடமாகப் போட்டியின்றித் தேர்வு. போட்டியிட்டவர் யாரும் இல்லை என்பதை மக்கள் ஆதரவு என்று எடுத்துக்கொண்டவர். (டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அவருக்கு மட்டும் நான் 'நீங்க' போட்டிருக்கிறேன். அவர் முகம் அதைக் கேட்கிறது.)

சங்கத்துக்கு அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. புது உறுப்பினருக்குச் சாவி கொடுக்கும் நாளில் கொடி ஏற்றி, தன் தோட்டத்து ரூபார்ப் கிழங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி, செய்தித்தாளில் பொதிந்து பரிசளிப்பார். சிவந்த தண்டும் யானைக் காது இலையுமாக வளரும் செடி. தண்டைச் சர்க்கரை போட்டு வேகவைத்தால் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். கிழங்கைக் கழுவிக் கொடுக்கமாட்டார். "சொந்த மண்ணோட போனாத்தான் பிடிக்கும்" என்பார். ஒரு புகைப்படம்.

[கூர்மையான வாசகர் இங்கேயே கண்டுபிடித்திருப்பார். நாற்பத்தெட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஆறு வருடம் ஆயிற்று.]

ஆகஸ்ட் கடைசியில் டோர்கில் இரண்டு வாத்துகளை வாடகைக்குக் கொண்டுவந்தார். புட்டியை நிறுத்தி வைத்த மாதிரி நிமிர்ந்து ஓடும் சாதி. நத்தை என்றால் உயிர். அதற்கு இங்கே பெயர் இந்திய ஓட்டவாத்து. (இந்தியாவில் எந்தப் பக்கம் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்?) தலைவர் சிறு உரையாற்றி, "நோயோட ஊற்று எங்கயோ அங்க விடுவோம்" என்று வாத்துகளை ரிக்கெயின் புல்லுக்குள் விட்டார்.

வாத்துகள் ஆறேழு நத்தையைத் தின்றன. நின்றன. கழுத்தை நீட்டி யோசித்தன. பிறகு வேலிக்கு அடியில் புகுந்து, ஆஸ்தாவின் தோட்டத்தைக் குறுக்கே கடந்து, அடுத்த வேலிக்கும் அடியில் புகுந்து, தலைவரின் ரூபார்ப்புக்குள் போனவை சாயந்திரம் வரை வெளியே வரவில்லை.

"நிழலுக்காகப் போயிருக்கு" என்றார் டோர்கில்.

எல்லோரும் கலைந்த பிறகு, வாத்துகளைப் பிடிக்கிற சாக்கில் ஆஸ்தா போய் இலையைத் தூக்கிப் பார்த்தாள். கிழங்கின் கழுத்தோரம் மண்ணில், ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி, கொத்துக் கொத்தாக முட்டை.

குடிலுக்குத் திரும்பி வரைபடத்தை விரித்தாள். சிவப்புத் தோட்டங்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும், அதன் தோட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்த வருடத்தைப் பென்சிலால் எழுதினாள். பதினொருவரும் கடந்த ஆறு வருடத்தில் சேர்ந்தவர்கள். பழைய உறுப்பினர்கள் எல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும்.

ஆறு வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, டோர்கிலும் அவளுமாக ஜெர்மன் எல்லைக்குக் காரில் மலிவு விலைப் பீர் வாங்கப் போனார்கள். கடை வாசலில் அகல இலைச் செடித்தொட்டிகள் தள்ளுபடியில் இருந்தன. டோர்கில் நாலு எடுத்தார். பின்பெட்டி முழுக்கப் பீர். அதனால் எல்லையிலிருந்து ஹோர்சென்ஸ் வரை அந்தத் தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் ஆஸ்தா. ஒரு தொட்டியின் அடியில் என்னவோ ஈரமாகப் பாவாடையில் ஒட்டியதைத் துடைத்துப் போட்டதுகூட நினைவிருந்தது. அவர் அவற்றை நட்டது ரூபார்ப்புக்குப் பக்கத்தில்.

மறுநாள் அவரிடம் போனாள்.

"டோர்கில், உங்க ரூபார்ப்புல நத்தை முட்டை இருக்கு."

"எல்லாத் தோட்டத்துலயும்தான் இருக்கு."

"இல்ல. உங்க ரூபார்ப் போன தோட்டத்துலதான் அதிகமா இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் தொட்டிங்களை யாரு மடியில வச்சிட்டு வந்தா, ஞாபகம் இருக்கா?"

"நான்தான்."

"அப்பறம் என்ன?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் அடிச்சாச்சா? முப்பத்தொண்ணை நீக்கறது அஞ்சாவது பொருள். ரெண்டு பக்க மார்ஜினும் சரியா இருக்கணும்."

ஆஸ்தா போய் நோட்டீஸ் அடித்தாள். மார்ஜின் சரியாக இருந்தது.

[அவள் ஏன் அப்போதே மறுக்கவில்லை? மூன்று பத்தி உளவியல் எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். ரிக்கெயை அவள் போன வருடமெல்லாம், "எங்கேருந்து கொண்டுவந்தியோ" என்று கேலி வேறு செய்திருக்கிறாள்.]

5

அவசரப் பொதுக்குழு செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சங்கக் கூடத்தில் கூடியது. கூட்டத்தை நடத்த நடுவராகப் பன்னிரண்டாம் எண் ஓர்லா தேர்ந்தெடுக்கப்பட்டான். நடுநிலையானவன், காது சரியாகக் கேட்காது.

ஐந்தாவது பொருளில் டோர்கில் பேசினார். நம் மண் என்றார். நம் குழந்தைகளின் லெட்டூஸ் என்றார். (உறுப்பினர்களின் சராசரி வயது அறுபத்து மூன்று.) பராமரிப்பின்மையால் சங்கத்துக்கே ஆபத்து விளைவித்ததாக விதி பதினொன்றின் கீழ் முப்பத்தொன்றாம் எண்ணின் குத்தகையை ரத்து செய்து, அக்டோபர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்றார்.

ரிக்கெ பேருந்துச் சீருடையிலேயே வந்திருந்தாள். "பேசலாமா?"

"மூணு நிமிஷம்" என்றான் ஓர்லா.

"அவ்வளவு வேணாம். புல்லை வெட்டிட்டேன். முந்தாநாள். முழுசா." கையை விரித்துக் காட்டினாள், கொப்புளங்கள். "வேலியையும் நீங்க சொன்ன அளவுக்கு வெட்டறேன். நத்தையைக்கூட எண்றேன். எனக்கு வேற எடம் கிடையாது. இதை மட்டும் எடுத்துடாதீங்க."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஆஸ்தா குறிப்பேட்டில் 'உறுப்பினர் 31 விளக்கம் அளித்தார்' என்று எழுதியதை நான் இரண்டாம் வரிசையிலிருந்து பார்த்தேன்.

ஆம், நான் அங்கே இருந்தேன். பதினேழாம் எண். இதுவரை என்னைக் கதைக்கு வெளியே ஒளித்து வைத்திருந்தேன். படர்க்கை அதற்கு வசதி. வாக்கெடுப்பில் நீக்கத்துக்கு ஆதரவாக இருபத்தொன்பது கை எழுந்தது. எதிராக ஆறு. அந்த இருபத்தொன்பதில்—

[இந்த வாக்கியத்தை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன்.]

—ஒன்று என்னுடையது. முப்பது லெட்டூஸ் நினைவில் இருந்தது. பக்கத்தில் இருந்தவன் தூக்கினான். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் கூடத்தில் கேக்கின் மணம் வேறு வந்துகொண்டிருந்தது. மனசாட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் கேக்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

காபிக்குப் பிறகு ஏழாவது பொருள், 'இதர'. எங்கள் ஊர்க் கூட்டங்களில் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இதரவில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம். எதையும் தீர்மானிக்க முடியாது. விதி அப்படி. எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டே, கழிவறைச் சாவியைப் பற்றி யாராவது புலம்புவதைக் கேட்பார்கள்.

ஆஸ்தா எழுந்தாள். வரைபடத்தை விரித்துக் காட்டினாள். வாத்து, முட்டை, பதினொரு சிவப்பு, எல்லைப் பயணம், மடியில் தொட்டி, எல்லாவற்றையும் தபால் வாசிக்கிற குரலில் சொன்னாள். கடைசியாக, "தொட்டியைத் தூக்கிட்டு வந்தது நான். ரிக்கெ இல்ல" என்றாள்.

கோட்டுகள் பாதியில் நின்றன.

டோர்கில் நிதானமாக எழுந்தார். "சுவாரசியமான தகவல். செயலாளருக்கு நன்றி. ஆனா இது இதரவுல வருது."

"ஆமா, இதரதான்" என்றான் ஓர்லா. "தீர்மானம் எதுவும் போட முடியாது."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, ஆஸ்தா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். "அஞ்சுலயே சொல்லியிருந்தா வேற மாதிரி ஓட்டுப் போட்டிருப்போமே."

"இப்ப வேற மாதிரி நெனைக்கலாமே" என்றாள் ஆஸ்தா.

"நெனைக்கலாம்" என்றான் ஓர்லா. "ஓட்டுதான் போட முடியாது."

ரிக்கெ சிரித்தாள். சத்தமாக, ரொம்ப நேரம். பிறகு ஆஸ்தாவைப் பார்த்தாள். "ஆறு வருஷமா வளத்ததைப் போன வருஷம் வந்தவ தலைல கட்டினீங்களே. பொதுக்குழு முடிஞ்சப்பறம் உண்மை சொல்றது நல்ல வசதி, இல்ல?" அவள் நாலு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். போய்விட்டாள்.

6

இனி முடிவு. சங்க விதிப்படி, கூட்டக் குறிப்பில் தலைவர், நடுவர், செயலாளர் மூவரும் எட்டு நாளைக்குள் கையெழுத்திட்டால்தான் எந்தத் தீர்மானமும் செல்லும். இருவர் அன்றே, வெற்றுத் தாளிலேயே போட்டுவிட்டார்கள். பாக்கி ஆஸ்தா.

முடிவு அ. டோர்கில் ரூபார்ப்பைத் தோண்டி எரித்து, ரிக்கெயின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறார். [எழுதிப் பார்த்தேன். பேனாவே கூச்சப்பட்டது.]

முடிவு ஆ. ஆஸ்தா கையெழுத்துப் போட மறுக்கிறாள். இன்னொரு பொதுக்குழு. புதுச் செயலாளர். ரிக்கெ அக்டோபருக்குப் பதில் ஏப்ரலில் போகிறாள், ஆஸ்தா செயலாளராக இல்லாமல் போகிறாள். [நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.]

முடிவு இ. பின்வரிசைக் குரலும் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து மறு கூட்டம் கேட்டு மனுப் போடுகிறார்கள், அதற்குக் கால்வாசி உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும், அந்தப் பன்னிரண்டில் நான்—

வியாழக்கிழமை ஆஸ்தா என் வாசலுக்கு வந்தாள். கையில் குறிப்பேடு.

"எழுதற ஆளுன்னு சொல்லிட்டுத் திரியற இல்ல? ஏழாவதை நீ எழுது."

"நீ எழுதினா என்ன?"

"நான் எழுதினா, நான் என்னைக் காப்பாத்திக்க எழுதினேன்னு சொல்வாங்க. மடியில வச்சிட்டு வந்தவளாச்சே."

"வழக்கமா இதரவுல என்ன போடுவ?"

"'பல விஷயங்கள் பேசப்பட்டன.'"

"அப்ப அதையே போடேன்."

[இப்படிச் சொன்னேன். இதை அடிக்கும் உரிமை எனக்கில்லை.]

ஆஸ்தா குறிப்பேட்டில் ஏழாவது பொருளின் பக்கத்தைத் திறந்தாள். "அதைப் போட்டா நான் கையெழுத்துப் போடணும். நடந்ததைப் போட்டா எனக்கு ஒரு சாட்சி கிடைக்கும், கையெழுத்துப் போட மாட்டேன், மறு கூட்டத்துக்கு மனுவும் நானே எழுதறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு." குறிப்பேட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, காற்றில் பக்கம் புரளாமல் என் காபிக் கோப்பையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.

7

இன்று சனி. நான் இதுவரை எழுதியது: "செயலாளர் ஆஸ்தா பேசுகையில், நத்தைகளின் தோற்றுவாய் குறித்துச் சில—" சிலவாம். இருபது பக்கம் கதை எழுத முடிகிறது, நாலு வரி குறிப்பு எழுத முடியவில்லை. கதையில் யாரும் என் பக்கத்து வேலிக்காரர் இல்லை.

உங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நீங்கள் கை தூக்கவில்லை. டோர்கில் நாளைக் காலை உங்கள் வேலியை அளக்க வரமாட்டார். நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரியும். சில விஷயங்கள் என்னைவிட நன்றாகவே. பேனாவை உங்களிடம் தருகிறேன். பெருந்தன்மையால் அல்ல என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை முப்பத்தொன்றாம் எண்ணைக் கடந்து போனேன். ரிக்கெ மண்டியிட்டு, நூல் கட்டிய வரிசையில், ஒவ்வொரு சாணுக்கும் ஒரு பூண்டுப் பல் ஊன்றிக்கொண்டிருந்தாள். இங்கே பூண்டு குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடக்கும். அவள் சாவியைக் கொடுக்க வேண்டியது அக்டோபர் கடைசியில்.

"இப்ப எதுக்குப் பூண்டு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவள் நிமிரவில்லை. "ஜூலைல தோண்ட."

பொருள் 7. இதர: